வால்வு கெட்டதா? வானொலிப் பெருக்கியின் பழுதறியும் முறை

(அலோர் ஸ்டாரில் தோட்டத்து இளைஞர்களும் வானொலி ஆர்வலர்களும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றியது. வால்வு என்று நாம் வழங்கும் வெற்றிடக் குழாயே அது. கைப்பேசியில் உலகமே அடங்கிவிட்ட இக்காலத்தில் வால்வைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டவர்களுள் பலர் இன்னும் வால்வு பொருத்திய ஆற்றல்பெருக்கிகளையே கையாளுகின்றனர். பழைய பெருக்கிகள் கைமாறிக் கைமாறி நம் இளைஞர்களிடமும் வந்து சேருகின்றன. அவற்றுள் ஒன்று ஓய்ந்து போனால், உடனே வால்வின்மேல் பழி விழுகிறது. புதிய வால்வு வாங்குவதோ ஒரு தொழிலாளியின் பல நாள் கூலியை விழுங்கும் செலவு. வாங்கிப் பொருத்திய பின்னும் பெருக்கி பேசாதிருந்தால் பணமும் போயிற்று, மனமும் சோர்ந்தது என்றாகிறது. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மூடியைத் திறந்து கை வைப்பவர் உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே பணத்தையும் உயிரையும் காக்கும் முறையை இன்று ஒழுங்காக அறிந்துகொள்வோம்.

நம் நாட்டில் வானொலி

1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் அம்புரோஸ் பிளெமிங் இருமுனை வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு வலைக்கம்பியைச் சேர்த்தார். மெல்லிய குறிகளைப் பெரிதாக்கும் ஆற்றல் இந்த மூன்றாம் உறுப்பினால் கிட்டியது. வானொலி நிலையங்கள் தோன்றியதற்கு இதுவே அடிப்படை.

நம் நாட்டுக்கு வானொலி வந்ததும் ஆர்வலர்கள் வாயிலாகவே என்பது குறிப்பிடத்தக்கது. 1921இல் ஜொகூர் அரசின் மின்பொறியாளரான பர்ச் என்பவர் முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து, அங்கே ஒரு வானொலிச் சங்கத்தையும் தொடக்கினார். பின்னர்ப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி முறையாகத் தொடங்கியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது செய்தித்துறையின் ஊர்திகள் ஒலிபெருக்கியோடும் படக்கருவியோடும் தோட்டம் தோட்டமாகச் சென்றதை நம் முதியோர் நன்கு அறிவர். கோயில் திருவிழாவிலும் கலியாணப் பந்தலிலும் முழங்கிய ஒலிபெருக்கிகளும் வால்வுகளால் இயங்கியவையே.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சிறிது சிறிதாக வால்வு வீட்டைவிட்டு வெளியேறியது. ஆயினும் உயர் ஆற்றலோடு அலைபரப்ப வேண்டிய இடங்களில் அது நிலைத்து நிற்கிறது. சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் இயல்பும், பழுதானால் கழற்றி மாற்றும் எளிமையும் அதற்கு உண்டு.

அமெச்சூர் வானொலி வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நம் கெடா மாநிலத்துக் கோத்தா கோலமூடா கடலோரமும் பாதிப்புக்கு உள்ளானது. அதே நாளில் அந்தமான் தீவுகளில் தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. அங்கே போர்ட் பிளேயரில் அமெச்சூர் வானொலிப் பணிக்காக வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவருடைய குழுவினரும் தம் வானொலி வழியாகச் செய்திகளை வெளியுலகுக்கு எட்டச் செய்தனர். இத்தகைய பணிக்கு ஆயத்தமாக இருக்க வேண்டுமானால் கருவி பழுதின்றி இருத்தல் வேண்டும்.

நம் நாட்டில் இத்துறையில் ஈடுபட விரும்புவோர் தேர்வெழுதி, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் ஒப்புதலோடு அழைப்புக்குறி பெறல் வேண்டும். தீபகற்பத்தில் ஏ வகுப்பினர்க்கு 9எம்2 என்றும், பி வகுப்பினர்க்கு 9டபிள்யூ2 என்றும் தொடங்கும் குறிகள் வழங்கப்படுகின்றன. எவ்வளவு ஆற்றலோடு பேசலாம் என்பதற்கும் வரம்புண்டு. வலிய பெருக்கி கையிலிருக்கிறது என்பதற்காக அவ்வரம்பைக் கடத்தல் ஆகாது.

வால்வு என்பது யாது?

அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவாரம் நோக்கிச் செல்லும் வான் மாட் சமான் கால்வாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெல்வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால்களில் மதகு இருக்கும். மதகுப் பலகையைச் சிறிது உயர்த்தினால் நீர் பெருகும், தாழ்த்தினால் குறையும். பலகையை அசைக்கச் சிறு முயற்சி போதும். அதனால் கட்டுப்படும் நீரோ பெருவெள்ளம். வால்வின் செயலும் இதுவே.

கண்ணாடிக் குப்பிக்குள் மூன்று முதன்மையான உறுப்புகள் உள. நடுவில் இருப்பது இழை. மின்சாரத்தால் சூடேறி அது மின்னணுக்களை வெளியிடுகிறது. வெளிப்புறம் இருப்பது தகடு. அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் தரப்பட்டிருப்பதால், அது மின்னணுக்களைத் தன்பால் ஈர்க்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே மதகுப் பலகை போல் நிற்பது வலை. கிரிட் என்று பழுதுபார்ப்போர் சொல்வது அதனைத்தான். நாம் பேசும் குரல் சிறு மின்குறியாக வந்து இந்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. அதனால் தகட்டில் பெரிய குறி கிடைக்கிறது. மின்னணுக்கள் தடையின்றிப் பாயவே குப்பிக்குள்ளிருந்த காற்று நீக்கப்பட்டுள்ளது.

ஆகவே வால்வுக்கு நேரக்கூடிய கேடுகளும் இவற்றைச் சார்ந்தவையே. இழை அறுதல், இழை வலுவிழத்தல், உள்ளே காற்று புகுதல், உறுப்புகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளுதல் என நான்காக அவற்றைப் பகுக்கலாம்.

உயிருக்கு முதலிடம்

பழுதைத் தேடுமுன் இதனை நெஞ்சில் நிறுத்துங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெருக்கியின் தகட்டுக்குச் செல்வதோ 2,000 முதல் 3,000 வோல்ட் வரை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் போதும் என்று கருதுவது பெரும் பிழை. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள், அதாவது கண்டென்ஸர்கள், மின்னாற்றலைச் சேமித்து வைத்திருக்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 25 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள மின்தேக்கித் தொகுதி 3,000 வோல்ட்டில் நிறைந்திருந்தால், அதில் ஏறத்தாழ 112 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கும். நிறைந்த பால் வாளியொன்று 11 கிலோ எடை இருக்குமாயின், அதனை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல் அது. தூக்குவதற்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் நெஞ்சின் வழியே ஒரு நொடிக்குள் பாய்ந்தால் இதயத்தை நிறுத்திவிட அது போதும்.

இச்சேமிப்பை வடிப்பதற்காக மின்தேக்கிகளின் குறுக்கே மின்தடைகள் பொருத்தப்பட்டிருக்கும். அவை நல்ல நிலையில் இருந்தால் அரை நிமிடத்திற்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். ஆனால் பழைய பெருக்கியில் அவற்றுள் ஒன்று அறுந்திருக்கலாம். எட்டு மின்தேக்கிகள் தொடராக இணைந்த அமைப்பில், தடை அறுந்த ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 375 வோல்ட் தங்கி நிற்கக்கூடும். 3,000 வோல்ட் காட்டும் அளவுமானியின் முள் சுழிக்கு அருகிலேயே கிடக்கும். முள்ளை நம்பிக் கை வைப்பவர் ஏமாந்து போவார்.

ஆதலால் பின்வரும் ஒழுங்கை ஒருபோதும் மீறற்க.

முதலாவது, சுவிட்சை அணைப்பதோடு நில்லாது, மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் முனையைக் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சில நிமிடங்கள் காத்திருங்கள். வால்வின் சூடும் ஆறட்டும்.

மூன்றாவது, உலர்ந்த, மின்கடத்தாக் கோல் ஒன்றின் நுனியில் உலோகக் கொக்கி அமைத்து, அதிலிருந்து தடித்த கம்பியொன்றைப் பெருக்கியின் உலோக அடிச்சட்டத்தோடு இறுகப் பிணையுங்கள். அக்கொக்கியால் வால்வின் தகட்டு முனையையும், மின்தேக்கிகள் ஒவ்வொன்றையும் தொட்டு வடியுங்கள். வேலை முடியும்வரை கொக்கி தகட்டு முனையிலேயே கிடக்கட்டும்.

நான்காவது, மூடி திறந்த பெருக்கியில் மின்சாரம் பாய்ச்சாதீர்கள். மூடி திறந்தால் மின்னோட்டத்தை அறுக்கும் பாதுகாப்புச் சுவிட்சைக் கட்டிப்போட்டு ஏமாற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது தற்கொலைக்கு ஒப்பானது.

ஐந்தாவது, கடையில் வாங்கும் மல்டிமீட்டர் பெரும்பாலும் 600 அல்லது 1,000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். அதனைக் கொண்டு 3,000 வோல்ட்டை அளக்க முற்பட்டால் கருவியும் வெடிக்கும், கையும் கருகும்.

ஆறாவது, தனித்திருந்து இவ்வேலையைச் செய்யாதீர்கள். மின்சாரத்தை எங்கே அணைப்பது என்று அறிந்த ஒருவர் அருகில் இருக்கட்டும். பிள்ளைகள் அவ்விடத்தை அணுகாதிருக்கட்டும்.

வால்வின்மேல் பழி போடுமுன்

பேச்சு தொலைவுக்கு எட்டவில்லை, அளவுமானி குறைவாகக் காட்டுகிறது என்றவுடன் வால்வைக் கழற்றுதல் முறையன்று. மூடியைத் திறக்காமலே காணக்கூடிய காரணங்கள் பல உள. அவற்றை முதலில் ஆராய வேண்டும்.

வீட்டு மின்னழுத்தம் சரியாக உள்ளதா? நீண்ட, மெல்லிய இணைப்புக் கம்பியில் பெருக்கியை மாட்டியிருந்தால் பேசும்போதெல்லாம் மின்னழுத்தம் சரியும். வான்கம்பி எவ்வாறு உள்ளது? மழையில் நனைந்து துருப்பிடித்த இணைப்பொன்றே போதும், பெருக்கியை நோயாளி போல் காட்டிவிட. வான்கம்பிக்குப் பதிலாகத் தக்க ஆற்றலைத் தாங்கும் போலிச் சுமை ஒன்றை, அதாவது டம்மி லோடை இணைத்துப் பாருங்கள். அதில் பெருக்கி நன்றாக இயங்கினால் குறை வெளியே இருக்கிறது என்பது உறுதி. பெருக்கிக்குக் குறியை ஊட்டும் வானொலிக் கருவி தன் முழு ஆற்றலைத் தருகிறதா? இசைவுத் திருகிகள் அந்தந்த அலைவரிசைக்கு ஏற்ப அமைக்கப்பட்டுள்ளனவா? தகட்டு மின்னோட்டம் குறைந்தும் வலை மின்னோட்டம் மிகுந்தும் காணப்படுமாயின், பல நேரங்களில் அது இசைவுப் பிழையே. வால்வின் பிழை அன்று.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 500 வாட் தந்த பெருக்கி 400 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு போயிற்றே என்று நமக்குப் பதற்றம் உண்டாகிறது. ஆனால் அது ஒரு டெசிபெல் அளவான குறைவே. கேட்பவருடைய அளவுமானியில் ஒரு படி இறங்க வேண்டுமானால் ஆற்றல் நான்கில் ஒன்றாகச் சுருங்க வேண்டும். எனவே ஒரு டெசிபெல் குறைந்ததை மறுமுனையில் இருப்பவர் உணர்வதே அரிது. இதற்காக ஒரு வால்வைத் தூக்கியெறிவது வீண் செலவாகும்.

நான்கு கேடுகளும் அவற்றின் அடையாளங்களும்

வெளிக்காரணங்கள் யாவும் நீங்கிய பின்னரும் குறை நீடித்தால் வால்வை ஆராயலாம்.

இழை அறுந்ததை அறிதல் எளிது. கண்ணாடி வால்வாயின் இழை ஒளிராது. கழற்றிய வால்வின் இழை முனைகளை மல்டிமீட்டரால் அளந்தால் இணைப்பே இல்லை என்று காட்டும். நல்ல இழையாயின் ஏறத்தாழச் சுழியைக் காட்டும். ஆனால் இழை ஒளிராத வால்வெல்லாம் இழை அறுந்த வால்வு அன்று. 3-500இசட் என்னும் வால்வு அமெச்சூர் பெருக்கிகளில் புகழ்பெற்றது. ஹீத்கிட் எஸ்.பி.220, கென்வுட் டி.எல்.922 ஆகிய பெருக்கிகளில் அவ்வகையில் இவ்விரண்டு வால்வுகள் உள. இதன் இழைக்கு 5 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டம் தேவை. விசிறி நின்று சூடு மிகுந்தால், அடிமுள்ளுக்குள் இருக்கும் ஈயப்பற்று உருகி விடும். இழை நலமாக இருக்கும், இணைப்புதான் விட்டிருக்கும். தேர்ந்தவர் கையால் மீண்டும் ஈயம் பற்றவைத்தால் அத்தகைய வால்வு பிழைத்தெழுவதுண்டு.

இழை வலுவிழத்தல் முதுமை போன்றது. ஆற்றல் திடீரென்று விழாமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். தகட்டு மின்னோட்டம் பழைய அளவை எட்டாது. இங்கும் ஏமாற வாய்ப்புண்டு. வால்வின் சாக்கெட்டில் அழுக்கேறி, 0.02 ஓம் என்னும் மிகச் சிறிய தடை உண்டாயிற்று என்று கொள்வோம். 14.5 ஆம்பியர் அதன்வழிச் செல்லும்போது 0.29 வோல்ட் அங்கேயே வீணாகும். 5 வோல்ட் கிடைக்க வேண்டிய இழைக்கு 4.71 வோல்ட்டே கிடைக்கும். இழையின் சூடு குறையும், மின்னணுக்களும் குறையும். பார்ப்பவர்க்கு வால்வு கிழடு தட்டியது போல் தோன்றும். சாக்கெட்டைத் துடைத்து, அதன் பிடிகளை இறுக்கிவிட்டால் இளமை திரும்பும். ஈரக்காற்று மிகுந்த நம் நாட்டில் இக்குறை பெரிதும் காணப்படுவதில் வியப்பில்லை.

காற்று புகுந்த வால்வைக் கண்ணாலும் காதாலும் அறியலாம். உயர் மின்னழுத்தம் சேர்ந்தவுடன் வெடியோசை கேட்கும், ஃபியூஸ் எரியும். உறுப்புகளுக்கு இடையே ஊதா அல்லது இளஞ்சிவப்பு நிற ஒளி நிரம்பும். ஆனால் கண்ணாடியின் உட்சுவரில் மட்டும் படரும் மெல்லிய நீல ஒளி வேறு. மின்னணுக்கள் கண்ணாடியில் மோதுவதால் அது உண்டாகிறது, அதனால் தீங்கில்லை. எனவே ஒளி எங்கே நிற்கிறது என்று நோக்குங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டா. நடுவெளியில் நிறைந்திருந்தால் ஐயுற வேண்டும்.

சிறு வகை வால்வுகள் பலவற்றின் உச்சியில் வெள்ளி போன்ற பூச்சு ஒன்றிருக்கும். எஞ்சிய காற்றை ஈர்த்துக்கொள்வதற்காக வைக்கப்பட்டது அது. அப்பூச்சு பால்போல் வெளுத்துவிட்டால் காற்று உட்புகுந்துவிட்டது என்று துணியலாம். 3-500இசட் வகையில் அப்பூச்சு கிடையாது. அதன் தகடே சூடேறும்போது அவ்வேலையைச் செய்கிறது. ஆகவே வெள்ளிப்பூச்சு இல்லையென்று அதனைக் குறைகூறுதல் தவறு. பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த வால்வாயின், உயர் மின்னழுத்தம் தராமல் இழையை மட்டும் ஒருநாள் அளவு சூடேற்றி வைத்துப் பின்னர் முழு வேலைக்கு விடுதல் நல்லது. விசிறியும் அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உறுப்புகள் ஒன்றையொன்று தொடுதல் நான்காவது கேடு. கழற்றிய வால்வின் இழை முனைக்கும் வலை முனைக்கும் இடையே மல்டிமீட்டர் எவ்வித இணைப்பையும் காட்டலாகாது. காட்டினால் அவ்வால்வு பயனற்றது. வலைக்கும் தகட்டுக்கும் இடையேயும் அவ்வாறே. சில வால்வுகள் ஆறியிருக்கும்போது நலமாகவும், சூடேறியவுடன் இழை வளைந்து தொட்டும் தொல்லை தருவதுண்டு. ஆகவே மல்டிமீட்டர் நல்லது என்று சொன்னதனாலேயே வால்வு நல்லது என்று முடிவு கட்டலாகாது. கெட்டது என்று அது சொன்னால் மட்டும் நம்பலாம்.

இடம் மாற்றிப் பார்த்தல்

பழுதறிவோர் கையில் உள்ள சிறந்த சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பெரும்பாலான பெருக்கிகளில் ஒரே வகை வால்வுகள் இரண்டோ நான்கோ இணைந்து வேலை செய்கின்றன. யேசு எஃப்.எல்.2100பி பெருக்கியில் 572பி வால்வுகள் இரண்டு உள. காலின்ஸ் 30எல்-1 பெருக்கியில் 811ஏ வால்வுகள் நான்கு உள.

இரண்டனுள் ஒன்றின் தகடு சிவந்து, மற்றொன்று கறுத்துக் கிடக்கிறது என்று கொள்வோம். முன்சொன்ன பாதுகாப்பு ஒழுங்கின்படி மின்சாரத்தை வடித்துவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். மூடியை மூடி மீண்டும் இயக்குங்கள். குறை வால்வோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் வால்வினுடையது. வால்வு மாறியும் குறை பழைய இடத்திலேயே நின்றால் குற்றம் சாக்கெட்டிலோ, அதைச் சார்ந்த மின்தடையிலோ, கம்பியிலோ இருக்கிறது. ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் தீர்ப்பு இது. சிவந்து நிற்கும் வால்வே கெட்டது என்று எல்லாரும் கருதுவர். கறுத்துக் கிடக்கும் வால்வு வேலை செய்யாமையால் மற்றொன்று இரட்டைச் சுமை சுமந்து சிவந்திருக்கவும் கூடும். வீட்டில் உழைப்பவர் களைத்திருப்பதைக் கண்டு அவரையே குறைகூறுவது போன்றது அது.

ஒரு வால்வு மின்பொறி பாய்ந்து இறந்தது உறுதியாயின், உடனே புதியதைப் பொருத்தாதீர்கள். அந்தப் பொறி பாய்ந்த வழியில் வலைச்சுற்றும், சிறு மின்தடைகளும், ஃபியூஸும் கருகியிருக்கலாம். அவற்றைச் சீர் செய்யாமல் புதிய வால்வை வைத்தால் அதுவும் பழைய வழியே போகும்.

வரும்முன் காத்தல்

வால்வின் ஆயுளைக் குறைப்பவை மூன்று: மிகுந்த இழை மின்னழுத்தம், போதாத காற்று, கவனமற்ற இசைவு.

இழைக்குக் குறித்த அளவிலிருந்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. வெளிநாட்டில் செய்யப்பட்ட பெருக்கிகளின் மின்மாற்றி நம் மின்னழுத்தத்துக்குக் குறைவான அளவுக்கு அமைந்திருக்கலாம். அத்தகைய பெருக்கியை நம் சுவரில் மாட்டினால் இழை நாளும் அளவுக்கு மீறிச் சூடேறும்; முதல் சில மாதங்கள் ஆற்றல் சிறப்பாக இருப்பது போலவே தோன்றும்; பின்னர் வால்வு இளமையிலேயே மாண்டுபோகும். மின்மாற்றியில் வெவ்வேறு மின்னழுத்தத்துக்கான இணைப்புகள் உள்ளனவா என்று பார்த்து, நமக்கு ஏற்றதில் மாட்டுங்கள்.

விசிறியின் வழியைத் தூசியும் சிலந்திக்கூடும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேசி முடித்தவுடன் அணைத்துவிடாமல், சில நிமிடங்கள் விசிறியை ஓடவிடுங்கள். 3-500இசட் போன்ற வால்வுகளைச் செங்குத்தாகவே நிறுத்த வேண்டும். படுக்க வைத்து இயக்கினால் சூட்டில் இழை தொய்ந்து வலையைத் தொடும். நம் பக்கத்தில் பல்லியும் எறும்பும் கருவிக்குள் குடிபுகுவது வழக்கம். உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு இடையே ஒரு பல்லி புகுந்தாலே பொறி பறக்கும். காற்று செல்லும் துளைகளுக்கு மெல்லிய கம்பிவலை இடுங்கள். இடி மின்னல் மிகுந்த மாதங்களில் வேலை முடிந்ததும் வான்கம்பியைக் கழற்றி வெளியே விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கி நலமாக இருக்கும் நாளில் தகட்டு மின்னழுத்தம், ஓய்வு மின்னோட்டம், பேசும்போது மின்னோட்டம், வலை மின்னோட்டம், வெளிவரும் ஆற்றல் ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதுங்கள். பால் மரத்தின் நாள் விளைச்சலைத் தோட்டத்தில் பதிந்து வைப்பது போன்றதே இதுவும். நேற்று எவ்வளவு என்று அறியாதவர் இன்று குறைந்ததா என்று எவ்வாறு கூற இயலும்?

பயனற்றுப்போன வால்வைக் குப்பைமேட்டில் எறியாதீர்கள். வெற்றிடக் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் தெறிக்கும். பீங்கானால் அமைந்த சில உயர் ஆற்றல் வால்வுகளில் பெரிலியம் ஆக்சைடு உண்டு. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. அவற்றை உடைப்பதும் தேய்ப்பதும் கூடவே கூடாது. மின்னணுக் கழிவுகளைப் பெறும் இடத்தில் அவற்றைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

இளைஞர்களுக்கு

அன்பு இளைஞர்களே, இவ்வளவும் ஒரு பழைய கண்ணாடிக் குப்பிக்காகவா என்று கேட்காதீர்கள். அடையாளத்தைக் காணுதல், காரணங்களை வரிசைப்படுத்துதல், எளியதை முதலில் சோதித்தல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல், கண்டதை எழுதி வைத்தல் ஆகிய இவ்வொழுங்கு வால்வுக்கு மட்டும் உரியதன்று. மோட்டார் சைக்கிளானாலும், ஆலை இயந்திரமானாலும், கணினியானாலும் இம்முறையே பயன்படும். பொருளை மாற்றுபவர்க்குக் கிடைக்கும் கூலி குறைவு. பழுதைக் கண்டறிபவர்க்குக் கிடைக்கும் மதிப்பு மிகுதி. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம் குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த கதையை நாம் அறிவோம். கைத்தொழில் கற்றவர்கள் புதிய இடத்திலும் காலூன்றினர். ஜித்ராவில் உள்ள சுல்தான் அப்துல் ஹலிம் முஆட்ஸாம் ஷா பாலிடெக்னிக் போன்ற கல்விக்கூடங்களில் மின்பொறியியல் பயில வழியுண்டு. ஆர்வமுள்ளோர் அதனை நாடுதல் நன்று.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு அமர்ந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். மின்கம்பி சுவரில் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். கழற்றியிருந்தால் அருகில் அமர்ந்து, என்ன தேடுகிறாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையிலிருந்து அவன் ஊகிக்கிறானா, ஆராய்கிறானா என்பது புலப்படும். ஆராயும் பிள்ளைக்கு ஊக்கம் கொடுங்கள்.

சுருக்கமாகச் சொல்வோம். உயிரைக் காத்துக்கொண்டு தொடங்குங்கள். வெளியே உள்ள காரணங்களை முதலில் நீக்குங்கள். இடம் மாற்றிப் பார்த்துத் தீர்ப்பளியுங்கள். அதன் பின்னரே பணப்பையைத் திறவுங்கள். இந்நான்கையும் கடைப்பிடிப்பவரின் கருவி நெடுநாள் உழைக்கும். அவரும் நெடுநாள் வாழ்ந்து பிறர்க்கும் கற்றுக் கொடுப்பார்.